கொலுப்படி: அரண்மனையிலிருந்து டிரங்குப் பெட்டிக்கு

நவராத்திரியின் ஒன்பது இரவுகளிலும் வீட்டுக் கூடத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் படிகள் கட்டி, அவற்றில் மண், மரம், காகிதக்கூழ் ஆகியவற்றாலான பொம்மைகளை அடுக்கி வழிபடும் வழக்கம் கொலு எனப்படும். பொம்மைக் கொலு என்றும் சொல்வர். புரட்டாசி அமாவாசையன்று படி கட்டி, மறுநாள் பூசை தொடங்கி, விஜயதசமியோடு முடிப்பது முறை. சில ஆண்டுகளில் விழா ஐப்பசியில் வருவதும் உண்டு. வடமொழியில் இதற்குச் சாரதா நவராத்திரி என்று பெயர். சரத் என்பது மழைக்காலத்தை அடுத்து வரும் பருவம். தமிழர் பருவப் பகுப்பின்படி கார் முடிந்து கூதிர் தொடங்கும் சந்திக் காலம் இது. தென்காசி, குற்றாலம் பகுதியில் தென்மேற்குச் சாரல் ஓய்ந்து, வடகிழக்கு மழை இறங்குவதற்கு முன் கிடைக்கும் சிறிய இடைவெளியில் கொலு வருகிறது.

குளிர்நாடுகளில் இதே மாதங்களில் கணப்பின் மேல்தட்டை அலங்கரிப்பார்கள். பழுத்துச் சிவந்த இலைகள், பூசணிக்காய், காய்ந்த கதிர், மெழுகுவர்த்தி என்று தோட்டத்திலும் வீட்டிலும் கிடைப்பவை அந்தத் தட்டில் ஏறும். தமிழ்நாட்டில் கணப்பு என்பது உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களின் ஆங்கிலேயர் கால பங்களாக்களைத் தாண்டிப் பரவவில்லை. சமவெளி வீட்டில் சுவரோரம் ஒரு தட்டு அமைத்து, பருவம் மாறும்போது அதை அலங்கரித்து, அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டும் வழக்கம் ஒன்று உண்டென்றால் அது கொலுதான். அந்தத் தட்டைச் சிறிய வருமானத்துக்குள் அமைத்துக்கொள்ளத் தமிழ் வீடுகள் கண்ட வழிகளும், அந்தச் சிக்கனத்தின் சுமை யார்மேல் விழுந்தது என்பதும் கொலுவின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதிகள்.

சொல்லும் அரசவையும்

கொலு என்ற சொல்லுக்குப் பொம்மையோடு நேரடித் தொடர்பு இல்லை. அரசன் ஓலக்கத்தில் வீற்றிருக்கும் நிலைக்கே கொலு என்று பெயர். கொலுவீற்றிருத்தல், கொலுமண்டபம் ஆகிய வழக்குகள் அதிலிருந்து வந்தவை. தெலுங்கில் கொலுவு என்றால் அரசவை, அரசனிடம் செய்யும் பணி. வீட்டுப் பொம்மை வரிசையை அங்கே பொம்மல கொலுவு என்பர். கன்னடத்தில் கொம்பெ ஹப்பா, அதாவது பொம்மைத் திருவிழா. தமிழ்ச் சொல்லும் தெலுங்குச் சொல்லும் அரசவையை நினைவூட்ட, கன்னடச் சொல் மட்டும் பொம்மையை முன்னிறுத்துகிறது.

அரசவையின் நவராத்திரிக்கு மிகப் பழைய நேரடி வருணனைகள் விஜயநகரத்திலிருந்து கிடைக்கின்றன. 1443-இல் அங்கே வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் மகாநவமி விழாவைக் கண்டு எழுதினார். கிருஷ்ணதேவராயர் காலத்தில், ஏறத்தாழ 1520-இல், போர்ச்சுகீசியரான டொமிங்கோ பயஸ் ஒன்பது நாள் விழாவை விரிவாகப் பதிவு செய்தார். சிற்றரசர்களும் படைத்தலைவர்களும் தலைநகரில் கூடி அரசன் முன் வரிசைப்படி நின்று காணிக்கை செலுத்துவதும், யானைகளும் குதிரைகளும் அணிவகுப்பதும், மல்லர்களும் ஆடல்மகளிரும் தங்கள் திறம் காட்டுவதும் அவ்விழாவின் பகுதிகள். அது நடந்த இடத்தோடு இணைத்துச் சொல்லப்படும் மகாநவமி மேடை இன்றும் ஹம்பியில் உள்ளது. அடுக்கடுக்காகச் சுருங்கி எழும் கல்மேடை அது. பக்கச் சுவர்களில் யானை, குதிரை, வேட்டை, ஆடல் காட்சிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கொலுப்படியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மேடை அந்நியமாகத் தோன்றாது. இந்த ஒப்புமை தற்செயலானதாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டும் செய்து காட்டுவது ஒன்றே: உலகம் முழுவதும் வரிசைப்படி ஒரு தலைமையின் முன் வந்து நிற்கிறது.

1565-இல் விஜயநகரம் வீழ்ந்த பின், அந்த விழாவைத் தம் ஊரில் எடுத்து நடத்துவது அடுத்து வந்த அரசுகளுக்குத் தகுதியின் அடையாளமாயிற்று. மைசூர் உடையார்கள் 1610 முதல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா நடத்தினர். இன்றைய மைசூர் அரண்மனையில் பொம்மைகளுக்கென்றே தனிக் கூடம் உண்டு. தமிழ்நாட்டில் இந்த மரபை முன்னெடுத்தவர்கள் மதுரை நாயக்கரும் அவர்களையடுத்து இராமநாதபுரம் சேதுபதிகளும். படையுதவி செய்த சேதுபதிக்குத் திருமலை நாயக்கர் இராஜராஜேஸ்வரி திருவுருவத்தையும் நவராத்திரி நடத்தும் உரிமையையும் அளித்தார் என்பது சேதுபதி மரபினர் சொல்லும் செய்தி. பாஸ்கர சேதுபதி 1892-இல் நடத்திய நவராத்திரி அந்த மரபின் கடைசிப் பெரும் காட்சிகளுள் ஒன்று. அப்போது சமஸ்தானம் கடனில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விழாவின் ஆடம்பரத்துக்கு வேறொரு பொருள் கிடைக்கும். அதிகாரம் கைவிட்டுப் போகும்போது அதன் அடையாளத்துக்குச் செலவிடுவது அரசர்களின் வழக்கம்.

அரண்மனைக் கொலு வீட்டுக்குள் வந்தபோது அரசன் இருந்த இடத்தில் அம்மன் அமர்ந்தாள். சிற்றரசர், படை, ஆடல்மகளிர், வணிகர் எல்லோரும் பொம்மைகளாகக் கீழ்ப்படிகளில் நின்றார்கள். புராணத்திலும் இதற்கு ஒரு முன்கதை சொல்வார்கள். தேவி மாகாத்மியத்தின் இறுதியில், நாட்டை இழந்த சுரதன் என்ற அரசனும் வீட்டாரால் விரட்டப்பட்ட சமாதி என்ற வணிகனும் ஆற்றங்கரை மண்ணில் தேவியின் உருவம் பிடித்து மூன்று ஆண்டுகள் வழிபட்டு வரம் பெறுகிறார்கள். மண் பொம்மைக்கு இது காரணக் கதையாகப் பிற்காலத்தில் பொருத்தப்பட்டது என்று கொள்வதே சரி. என்றாலும் பொருத்தியவர்கள் நல்ல கதையைத்தான் தேர்ந்தார்கள். அதில் வருகிற இருவர் கையிலும் காசு இல்லை.

தென்காசிப் பக்கம்

தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் நவராத்திரி ஒரே வகையாக நடப்பதில்லை. அதற்கு எல்லைக் கோடு ஒரு காரணம். தென்காசி பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சில கல் தொலைவில் உள்ள செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூரின் நவராத்திரி பத்மநாபபுரம் அரண்மனையை மையமாகக் கொண்டது. தலைநகர் மாறிய பின், பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் சென்று திரும்புகின்றன. அங்கே வீட்டு வழக்கத்தில் முதன்மை ஏட்டுக்கும் புத்தகத்துக்கும்தான். அஷ்டமி மாலையில் புத்தகங்களைப் பூசைக்கு வைத்து, விஜயதசமி காலையில் எடுத்து, குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பார்கள். மலையடிவாரத்தின் கிழக்குப் பக்கத்தில் பொம்மைப் படி; மேற்குப் பக்கத்தில் புத்தக அடுக்கு. செங்கோட்டை, தென்காசி வீடுகளுக்கு இரண்டும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன.

கோயில்களிலும் கொலு உண்டு. நவராத்திரி நாட்களில் அம்மனுக்கு நாளொரு அலங்காரம் செய்து கொலுமண்டபத்தில் எழுந்தருளச் செய்வது பாண்டிநாட்டுக் கோயில்களின் பொது வழக்கம். பணம் செலவிட்டுப் படி கட்ட முடியாதவர்களுக்கு அதுவே கொலுவாக இருந்தது. கடற்கரைப் பக்கம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் நேர்ந்துகொண்டவர்கள் காளி, குறவன், குறத்தி, போலீஸ்காரர் என்று வேடமிட்டுக் காணிக்கை எடுப்பார்கள். அந்தப் பாத்திரங்கள் அனைவரையும் வீட்டுக் கொலுவின் நடுப்படிகளிலும் காணலாம். ஒரு பக்கம் மண் பொம்மையாக நிற்பவர்கள் இன்னொரு பக்கம் உயிருள்ள மனிதர்களாகத் தெருவில் நடக்கிறார்கள்.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை, செங்கோட்டை வழியில் உள்ள கணக்கப்பிள்ளைவலசை போன்ற பெயர்களில் வரும் வலசை என்ற சொல், ஓரிடம் விட்டு வந்து குடியேறியவர்களின் இருப்பிடத்தைக் குறிக்கும். கொலுவும் ஒரு வகையில் வலசை வந்த வழக்கமே. துங்கபத்திரைக் கரையிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து பாளையங்களுக்கும், அங்கிருந்து பிராமணர், சைவ வேளாளர், செட்டியார், முதலியார் வீடுகளுக்கும் அது படிப்படியாக இறங்கி வந்தது.

படி கட்டுதல்

அரண்மனைக்குக் கல்மேடை இருந்தது. வீட்டுக்கு என்ன இருந்தது என்பதைப் பழைய கொலுக்களைப் பார்த்தவர்கள் எளிதில் சொல்வார்கள். அடியில் அரிசிப் பெட்டி அல்லது பத்தாயத்தின் பலகை. அதன் மேல் டிரங்குப் பெட்டி. அதற்கு மேல் மண்ணெண்ணெய் வந்த தகர டின்கள் இரண்டு, குறுக்கே ஒரு பலகை. உச்சியில் புத்தகக் கட்டோ, கவிழ்த்து வைத்த மரப்பெட்டியோ. உயரம் சரியாக வராத இடத்தில் செங்கல். எல்லாவற்றையும் மூடி, மடிப்புத் தெரியாமல் இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டி. அந்த வேட்டி விரித்த உடனே கீழே உள்ள டின்னும் பெட்டியும் மறைந்து படி பிறக்கும். பெட்டிக்குள் இருக்கும் துணிமணிகளை ஒன்பது நாளும் எடுக்க முடியாது என்பதால் தேவையானவற்றை முன்கூட்டியே வெளியில் எடுத்து வைப்பதும் படி கட்டும் வேலையில் சேர்ந்தது.

இரும்புக் கடைகளில் துளையிட்ட ஆங்கிள் சட்டங்கள் கிடைக்கத் தொடங்கிய பின்னரே கொலுவுக்கென்று தனியாகப் படி வாங்கும் பழக்கம் பரவியது. மடக்கி வைக்கும் படிகளும் நெகிழிப் படிகளும் அதற்கும் பிந்தியவை. வாங்கிய படி ஆண்டு முழுவதும் பரணில் கிடக்கும். பெட்டியும் டின்னும் மறுநாளே தங்கள் வேலைக்குத் திரும்பின.

படிகளின் எண்ணிக்கை 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது விதி. கீழ்ப்படியில் ஓரறிவு உயிர், அடுத்ததில் ஈரறிவு உயிர், அப்படியே மேலேறி மனிதர், முனிவர், தேவர் என்று ஒரு தத்துவ விளக்கம் இன்று எல்லா நவராத்திரி மலர்களிலும் வருகிறது. அழகான விளக்கம்தான். ஆனால் வீட்டில் இருக்கும் பொம்மைகள் அந்த அறிவு வரிசைக்கு ஏற்ப வாங்கப்பட்டவை அல்ல. பழைய கொலுக்களில் பெரிய பொம்மை பின்னால், சிறிய பொம்மை முன்னால், சாமி மேலே, செட்டியார் கீழே என்ற கண்ணளவு ஒழுங்கே நடைமுறையாக இருந்தது. கீழ்ப்படியின் செட்டியார் பொம்மை கொலுவின் மாறாத உறுப்பினர். தொந்தியுடன் அமர்ந்திருக்கும் அவர் முன்னே அரிசி, பருப்பு, வெல்லம், உப்பு என்று சிறு கிண்ணங்களில் கடை பரப்பியிருக்கும். அவர் அருகில் அவருடைய மனைவியும் அமர்ந்திருப்பார். சமையலறையிலிருந்து கைப்பிடி எடுத்து வந்து வைத்தால் கடை தயார். கொலு முடிந்ததும் அந்தச் சரக்கு சமையலறைக்கே போகும்.

படிக்கு முன்னால் தரையில் அமைக்கும் காட்சிக்குப் பூங்கா என்றும் பேச்சில் பார்க் என்றும் பெயர். இது பெரும்பாலும் சிறுவர்களின் பொறுப்பு. மணலைக் கொட்டி, கருங்கல் துண்டுகளால் மலை எழுப்பி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்துக் குளமாக்குவார்கள். பசுமைக்கு வெந்தயம், கடுகு, கேழ்வரகு ஆகியவற்றை ஊறவைத்துத் தூவினால் மூன்று நான்கு நாளில் முளை விடும். நவராத்திரி நடுவில் புல்வெளி பச்சை பிடித்து, விஜயதசமிக்குள் ஓங்கி நிற்கும். அம்மன் கோயில் முளைப்பாரியின் அதே நுட்பம், அதே விதைச் செலவு. மலையின் மேல் சிறு டப்பாவில் தண்ணீர் வைத்து, குழாய் விட்டு அருவி ஓடவிடுவதும் உண்டு. குற்றாலத்துக்கு அருகில் இருக்கிறவர்களுக்கு அருவிக்கு மாதிரி தேட வேண்டியதில்லை.

அம்பாசமுத்திரத்தின் மரச் செப்புச் சாமான்கள் கொலுவின் இன்னொரு சிக்கன வளம். கடைசலில் உருட்டி, அரக்கு வண்ணம் ஏற்றி, பளபளப்பாக்கிய அடுப்பு, பானை, அம்மி, ஆட்டுரல், திருகை, குடம் என்று ஒரு முழுச் சமையலறை ஒரு சிறு கூடைக்குள் அடங்கும். பெண் குழந்தை ஆண்டு முழுவதும் விளையாடும் அதே சாமான் நவராத்திரியில் கழுவித் துடைக்கப்பட்டுப் படியேறும். காலி தீப்பெட்டிகளை ஒட்டி மேசை நாற்காலி செய்வதும், வண்ணக் காகிதம் வெட்டித் தோரணம் கட்டுவதும், பாசிமணி கோத்துப் பறவை செய்வதும் பெண்களின் கைவேலை. பின்புறச் சுவருக்குச் சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்கள். கோவில்பட்டி சி. கொண்டையராஜு போன்ற ஓவியர்கள் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் நாட்காட்டி வழியாகக் கடைக்காரர்கள் கையால் இலவசமாக வீடு தேடி வந்தார்கள். தேதித் தாளைக் கிழித்து முடித்த பின் படம் சுவருக்கு.

வரவேற்பும் சிக்கனமானது. கொலு பார்க்க வருகிறவர்களுக்குத் தினம் ஒரு சுண்டல், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம். வெள்ளிக்கிழமை வெல்லப் புட்டு. கொண்டைக்கடலை, பட்டாணி, மொச்சை, நெல்லைச் சீமையில் சிறுபயறு என்றும் பெரும்பயறு என்றும் சொல்லப்படும் பயறுகள் — எல்லாம் வீட்டிலேயே இருப்பவை, ஊறவைத்தால் இரண்டு மடங்காகப் பெருகுபவை. விருந்து என்று சொல்லிக்கொள்ளாமலேயே ஒன்பது நாளில் ஒரு தெருவுக்கே படைத்துவிட முடிந்தது.

பொம்மை சேரும் முறை

கொலுவின் தலைமைப் பொம்மை மரப்பாச்சி. ஆணும் பெண்ணுமாக இணையாக வரும். செம்மரத்தில் செதுக்கப்பட்டவை சிறந்தவை. திருப்பதி அவற்றுக்குப் பெயர் பெற்ற இடம். திருமணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீடு மரப்பாச்சி கொடுத்தனுப்பும். புது வீட்டின் முதல் கொலு அந்த இரண்டு பொம்மைகளோடு தொடங்கிவிடும். கந்தைத் துணியில் புடவையும் வேட்டியும் கட்டி, பாசிமணியில் நகை செய்து போட்டால் போதும். விஜயதசமி இரவில் கொலு முடிந்ததற்கு அடையாளமாகப் படுக்க வைப்பதும் இவற்றைத்தான்.

அதற்குப் பின் ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது வழக்கம். இது பக்தியின் கட்டளையாகச் சொல்லப்பட்டாலும் நடைமுறையில் ஒரு தவணைத் திட்டம். முப்பது ஆண்டு குடித்தனத்தில் முப்பது பொம்மை. தாய்க்குப் பின் மகள்களிடமும் மருமகள்களிடமும் பங்கு பிரியும். ஜப்பானில் மார்ச் 3 அன்று வரும் ஹினமட்சுரி விழாவோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு விளங்கும். அங்கும் சிவப்புத் துணி விரித்த படிகள், உச்சியில் பேரரசரும் பேரரசியும், கீழே அவைப்பெண்டிர், இசைவாணர், அமைச்சர். ஆனால் அங்கே பொம்மைகளின் தொகுதியும் வரிசையும் முன்பே வகுக்கப்பட்டவை. முழுத் தொகுதியைப் பெண் பிறந்ததும் வாங்கிக் கொடுப்பார்கள். தமிழ்க் கொலுவுக்கு அப்படி மூடிய பட்டியல் கிடையாது. தசாவதாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டகம் நிற்கலாம். காந்தியடிகள் விடுதலைப் போராட்டக் காலத்தில் வந்து சேர்ந்தார், நேரு அவரைத் தொடர்ந்தார். 2023-இல் நிலவில் சந்திரயான் இறங்கிய பின் அதுவும் ஏறியது. காசு உள்ள ஆண்டில் பெரிய செட், இல்லாத ஆண்டில் ஒரு கிளி. இரண்டுக்கும் படியில் இடம் உண்டு. இந்த நெகிழ்வுதான் சாதாரணச் சம்பளக்காரர்களின் வீட்டில் கொலுவைத் தங்க வைத்தது.

மின்விளக்கு வந்தபோது மட்டும் இந்தச் சிக்கனம் கொஞ்சம் தடுமாறியது. ஆர். கே. நாராயணனின் ‘த டார்க் ரூம்’ நாவலில் (1938) ஒரு நவராத்திரிக் காட்சி வருகிறது. அம்மா அடுக்கிய கொலுவுக்குச் சிறுவன் பாபு மின்விளக்குத் தோரணம் போடுகிறான். வீடு முழுவதும் மின்சாரம் நின்றுபோகிறது. தந்தை அவனை அடிக்கிறார். தாய் சாவித்திரி இருட்டறையில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். கதையின் திருப்பத்துக்குக் கொலுவைத் தேர்ந்தது நுட்பமான செயல். ஆண்டு முழுவதும் கணவனின் விருப்பப்படி நடக்கும் வீட்டில், பெண் தன் விருப்பப்படி அடுக்கும் ஒரே இடம் அந்தப் படிதான். நெல்லைப் பகுதிக்கு மின்சாரம் பரவலாக வந்தது 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகே. அதுவரை குத்துவிளக்கும் அகல்விளக்கும்தான் கொலுவுக்கு வெளிச்சம்.

அழைக்கப்பட்டவர்களும் அழைக்கப்படாதவர்களும்

கொலு பெண்களின் விழா. நாட்களைத் தேர்வதும், வீடு வீடாகச் சென்று அழைப்பதும், வந்தவர்களைப் பாடச் சொல்வதும் அவர்களே. பட்டுப் பாவாடை கட்டிய சிறுமிகள் குங்குமச் சிமிழோடு தெருவில் இறங்கும் மாலை, மற்ற நாட்களில் அவர்களுக்கு வாய்க்காத சுதந்திரம். மேடைக் கச்சேரி வீட்டுப் பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்த காலத்தில், கற்ற பாட்டைப் பிறர் முன் பாடுவதற்குக் கொலுவே சபையாக இருந்தது.

அந்தச் சபைக்குள் எல்லோரும் வரவில்லை. கைம்பெண்களுக்கு மஞ்சள் குங்குமத் தாம்பூலம் இல்லை. முப்பது ஆண்டு பொம்மை சேர்த்தவள், கணவன் இறந்த ஆண்டிலிருந்து தன் கொலுவை மருமகளிடம் விட்டுவிட்டு உள்ளறையில் இருக்க நேர்ந்தது. சாதி எல்லையும் அப்படியே. கொலு வைத்த தெருக்களில் வேலை செய்தவர்கள் அதைத் திண்ணைக்கு வெளியிலிருந்து பார்த்துச் சுண்டல் வாங்கிப் போனார்கள். பள்ளிகள், நூலகங்கள், அலுவலகங்கள், கோயில் மண்டபங்கள் பொதுக்கொலு வைக்கத் தொடங்கிய பின்னர் இந்த எல்லை பெருமளவு தளர்ந்தது. இலங்கைத் தமிழர்களிடம் பள்ளிக்கூட வாணி விழா இதே பணியைச் செய்தது. இன்று பல வீடுகளில் தாம்பூலம் எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கப்படுகிறது. கொடுக்காத வீடுகளும் உண்டு.

மண்ணும் விலையும்

மலிவான பொம்மை என்பது யாரோ குறைந்த கூலிக்குச் செய்த பொம்மை. கொலுவின் சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது வேளார் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரம், பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம், மதுரை விளாச்சேரி ஆகியவை கொலுப் பொம்மைக்குப் பெயர் பெற்ற இடங்கள். திருநெல்வேலிப் பக்கம் காருகுறிச்சி மண்பாண்டத் தொழிலுக்குப் புகழ்பெற்றது. பொம்மை செய்யும் வேலை தை மாதத்திலேயே தொடங்கிவிடும். குளத்து மண்ணைக் கொண்டுவந்து, ஊறவைத்து, கல் நீக்கி, மிதித்துப் பதப்படுத்துவார்கள். முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் மண்ணை அழுத்தி எடுத்து ஒட்டி, நிழலில் காயவைத்து, பின் வெயிலில் உலர்த்திச் சூளையில் சுடுவார்கள். சூளையில் வெடிப்பவை நட்டம். சுட்ட பொம்மைக்கு வெள்ளை பூசி, அதன் மேல் உடல் நிறம், உடை நிறம், நகை, கடைசியாகக் கண். வண்ணம் தீட்டுவதில் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் உழைப்பு. காகிதக்கூழ் பொம்மை எடை குறைந்தது, பயணத்தில் உடையாது. ஆனால் ஈரத்தைத் தாங்காது. காய்வதற்கும் நாள் பிடிக்கும். இரண்டு பருவமழையும் பெறும் தென்காசி போன்ற இடத்தில் வெயில் நாட்களைக் கணக்கிட்டே இந்த வேலையைச் செய்ய முடியும். ஆனி, ஆடியில் சாரல் பிடித்துக்கொண்டால் அச்சிலிருந்து எடுத்த பொம்மை அப்படியே ஈரமாகக் கிடக்கும்.

எட்டு மாத உழைப்பு ஒரு மாத விற்பனையில் காசாக வேண்டும். கையில் முதல் இல்லாத குடும்பங்கள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொல்லும் விலைக்கே கொடுத்தன. நகரத்து மாட வீதியில் பேரம் பேசிக் குறைக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் கடைசியில் அந்தச் சூளைக்கே வந்து சேரும். 1973-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் பூம்புகார் விற்பனை நிலையங்கள் வழியாக ஆண்டுதோறும் கொலுப் பொம்மைக் கண்காட்சி நடத்துவது, இடைத்தரகர் இல்லாத ஒரு சந்தையைக் கொடுத்தது. மற்றொரு வழியைக் கைவினைஞர்களே கண்டார்கள். விளாச்சேரியில் ஆவணியில் விநாயகர், புரட்டாசியில் கொலு, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில் என்று ஒரே கைகள் மூன்று விழாக்களுக்கும் செய்கின்றன. குடிலின் ஆயனும் கொலுவின் இடையனும் பல சமயம் உறவினர்கள்தான். நிறமும் தலைப்பாகையும் மாறும்.

2020 அக்டோபர் 17-இல் தொடங்கிய நவராத்திரி கொரோனா கட்டுப்பாடுகளின் நடுவே வந்தது. கொலு வைத்தவர்களும் யாரையும் அழைக்கவில்லை; அழைக்க வழியில்லாதபோது புதுப் பொம்மை வாங்கும் அவசியமும் குறைந்தது. ஆண்டுக்கு ஒன்று என்ற வழக்கம் எவ்வளவு பேரின் சோற்றைத் தாங்கியிருந்தது என்பது அது நின்ற ஆண்டில் தெரிந்தது.

இப்போது மண் பொம்மைக்குப் போட்டி சுண்ணக்கலவையான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அது சில நிமிடங்களில் இறுகும், சூளை வேண்டாம், விளிம்பு கூர்மையாக வரும். 2020 மே மாதம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதல் சிலைகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஆனால் அந்த வழிகாட்டுதல் நீரில் கரைக்கப்படும் சிலைகளைப் பற்றியது. விநாயகர் ஆற்றுக்குப் போகிறார். கொலுப் பொம்மை பரணுக்குத்தான் போகிறது. ஆகவே விநாயகர் சிலையில் மண்ணுக்குக் கிடைத்த பாதுகாப்பு கொலுவில் கிடைக்கவில்லை. மண் எடுப்பதே நீண்ட காலம் தொல்லையாக இருந்தது. குளத்து வண்டல் கனிமச் சட்டத்தின் கீழ் வருவதால் ஒவ்வொரு வண்டி மண்ணுக்கும் மாவட்ட அளவில் அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது. 2024-இல் தமிழ்நாடு அரசு விதிகளை எளிதாக்கி, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரிடமே அனுமதி பெற்றுக் கட்டணமின்றி மண் எடுக்க வழி செய்தது.

விஜயதசமிக்கு மறுநாள் படி கலையும். பொம்மைகளைப் பழைய வேட்டித் துண்டிலும் செய்தித்தாளிலும் ஒவ்வொன்றாகச் சுற்றி, இடையிடையே வைக்கோலோ வேப்பிலையோ திணித்து, பெரியவை அடியிலும் சிறியவை மேலிலுமாகப் பெட்டியில் அடுக்குவார்கள். மூக்கு உடைந்த பொம்மையும் கை போன பொம்மையும் தனியே வைக்கப்படும். அடுத்த புரட்டாசிக்கு முன் மாவும் பசையும் வைத்து ஒட்டி, ஒரு கை வண்ணம் பூசினால் அவையும் படியேறும்.